பஸ் ஏறி வந்த சொத்தைப்பல்

பல்லில் பூச்சி விழுந்துவிட்டால் கண்டங்கத்திரி விதையைத் தேடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் கைவைத்தியம். காய்ந்த விதையை எண்ணெயில் புரட்டித் தணலில் போடுவார்கள். எழும்பும் புகையை ஒரு குழாயில் வாங்கி, வலிக்கிற பல்லில் படும்படி பிடிக்க வேண்டும். கண்ணில் நீர் கட்டும்; எச்சில் ஊறி வழியும். கொஞ்ச நேரத்தில் வெள்ளை நூல் துணுக்குபோல ஏதோ கீழே விழும். ‘இதோ பாரு, பூச்சி வந்துடுச்சு’ என்று வைத்தியம் பார்த்தவர் காட்டுவார். வலியும் சற்று மட்டுப்பட்டதுபோல இருக்கும்.

இதே வைத்தியம் ஐரோப்பாவிலும் இருந்தது. அங்கே எரித்தது ஹென்பேன் என்ற செடியின் விதை. அதுவும் கத்தரிக் குடும்பம்தான். சூட்டில் விதை வெடித்து வெளியே தள்ளும் முளைக்கருவைத்தான் அந்த ஊர்க்காரர்கள் புழு என்று நம்பினார்கள். பல்லைப் புழு தின்கிறது என்ற எண்ணம் மெசபடோமியாவின் களிமண் பலகையிலேயே பதிவாகியிருக்கிறது. 1728-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், பல் மருத்துவம் பற்றிய தன் பெருநூலில் அப்படி ஒரு புழு இல்லை என்று மறுத்தார். 1890-ல், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர் காரணத்தை விளக்கினார்: வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, பல்லைக் கரைப்பது அந்த அமிலம். 1924-ல் லண்டனில் கிலியன் கிளார்க், சொத்தைப் பல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார்.

அதற்குப் பிறகும் நூறு ஆண்டு ஓடிவிட்டது. ‘பூச்சிப்பல்’ நம்பிக்கை மட்டும் போகவில்லை. இதில் உள்ள தொல்லை பெரியது. பூச்சி என்று நம்புகிறவர், அது எங்கிருந்தோ தானாக வந்தது என்றும் நம்பிவிடுகிறார். வாய்க்குள் என்ன போகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை போகிறது என்ற கேள்வியே அவருக்கு எழுவதில்லை.

ஜவ்வாது மலையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மலையின் சாப்பாடு

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கால் பதித்துக் கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு போன்ற ஊர்களைச் சுற்றிச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம். காட்டிலிருந்து தேன், புளி, கடுக்காய். பருவத்துக்குப் பலாவும் சீத்தாப்பழமும்.

சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரை, பயறு என்று இருந்த அந்தச் சாப்பாட்டில் இனிப்புக்குப் பஞ்சம் இல்லை. தேன் உண்டு, பலாச்சுளை உண்டு. ஆனால் இரண்டுமே பருவம் வந்தால் கிடைக்கும், பருவம் போனால் போய்விடும். வருஷம் முழுக்க, நாள் முழுக்க, கை நீட்டும் தூரத்தில் இனிப்பு என்பது அங்கே இல்லாத ஒன்று.

சாலையும் பஸ்ஸும் அதை மாற்றின. சாலை வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரசவத்துக்கும் படிப்புக்கும் அது வேண்டும், இன்னும் பல ஊர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் ஆசிரியரும் நர்ஸும் ஏறி வந்த அதே பஸ்ஸில் பிஸ்கட் பெட்டியும் குளிர்பானப் பாட்டிலும் ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலமும் ஏறி வந்தன. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஊர் இல்லை, மலையும் விலக்கில்லை. காலையில் எழுந்ததும் சர்க்கரை போட்ட டீ, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு பிஸ்கட், பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது ஒரு மிட்டாய், மாலையில் மறுபடி டீ.

பழைய காலத்துப் பற்கள் எல்லாம் முத்தாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துத் தேய்ந்த பற்கள், புகையிலையும் வெற்றிலையும் கெடுத்த ஈறுகள் என்று வேறு கேடுகள் இருந்தன. சிறு குழந்தையின் பால்பல் கறுத்து உதிர்வது வேறு. அது அடிக்கடி இனிப்பு தின்பதன் விளைவு.

இந்தக் கதை ஜவ்வாது மலைக்கு மட்டும் உரியதும் அல்ல. தென் அட்லாண்டிக் கடலின் நடுவே டிரிஸ்டன் ட குன்யா என்ற தீவு இருக்கிறது. 1930-களில் அங்கே போன மருத்துவர்கள், தீவு மக்களின் பற்கள் இவ்வளவு நன்றாக இருக்கின்றனவே என்று வியந்தார்கள். மீனும் உருளைக்கிழங்கும் தின்று வாழ்ந்த மக்கள். பிறகு தீவுக்குக் கடை வந்தது. சர்க்கரையும் வெள்ளை மாவும் கப்பலில் வந்து இறங்கின. ஒரு தலைமுறைக்குள் சொத்தை பெருகியது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரை கிடைக்காமல் போனபோது ஜப்பானிலும் நார்வேயிலும் பிள்ளைகளின் சொத்தைப்பற்கள் குறைந்தன. போர் முடிந்து சர்க்கரை திரும்பியதும் சொத்தையும் திரும்பியது.

எவ்வளவு அல்ல, எத்தனை தடவை

ஸ்வீடனில் லுண்ட் நகருக்கு அருகே விப்பெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகம் இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, ஒட்டிக்கொள்ளும் டாஃபியைத் தின்னக் கொடுத்து யாருக்குச் சொத்தை விழுகிறது என்று பார்த்தார்கள். வாய் திறந்து மறுக்க முடியாதவர்களின் பற்களைப் பலி கொடுத்துச் செய்த அந்தச் சோதனை மருத்துவ அறத்தின் மேல் விழுந்த கறை. ஆனால் அதன் முடிவை யாரும் மறுக்கவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் மிட்டாயை அடிக்கடி மென்றவர்களுக்கோ அது கிடுகிடுவென ஏறியது.

பல்லின் மேல் படியும் மெல்லிய அழுக்குப் படலத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் அவை அமிலத்தை உமிழ்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். அப்போது எச்சில் உதவிக்கு வருகிறது. அமிலத்தை முறித்து, கரைந்த தாதுக்களை மறுபடி பல்லில் படியவைக்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டால் பல் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் டீ, ஒரு கடி பிஸ்கட் என்று போனால் எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. ஒரு லட்டை ஒரேயடியாகத் தின்று தண்ணீர் குடித்துவிடும் பிள்ளையைவிட, ஒரு சின்ன மிட்டாயை ஒரு மணி நேரம் கன்னத்தில் அதக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து அதிகம்.

பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நைஸாக அரைத்துப் பக்குவப்படுத்திய மாவு கடைவாய்ப் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். களியும் சாமைச் சோறும் அப்படி அப்புவதில்லை. சாப்பிட்டு எழுந்து வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் போய்விடும்.

இரவு இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பாலைப் பாட்டிலில் ஊற்றி, குழந்தை சப்பிக்கொண்டே தூங்கட்டும் என்று விடுகிற வீடுகளில் மேல் முன்பற்கள் நான்கும் வரிசையாகக் கறுத்துப் போவது இதனால்தான். தேன் தடவிய ரப்பர் நிப்பிளும் அதே வேலையைச் செய்யும். காட்டுத் தேன் ஆயிற்றே, நல்லதுதானே என்று கேட்பார்கள். பாக்டீரியாவுக்குக் காட்டுத் தேனும் ஒன்றுதான், கடைச் சர்க்கரையும் ஒன்றுதான்.

வலி நின்றால் குணம் அல்ல

குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தால் முதல் அடையாளம் தெரியும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல மங்கலான வெள்ளைக் கோடு. ஓட்டை இல்லை, வலி இல்லை. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஃபுளோரைடு பேஸ்ட்டும் இனிப்புக் கட்டுப்பாடும் போதும், பல் மீண்டுவிடும். விட்டால் கோடு பழுப்பாகிக் குழியாகும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் மென்மையானது. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பிறகு பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழ்ப்பகுதியை எட்டும். அப்போதுதான் ராத்திரியில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிக்கும் அந்த வலி.

பல்லிடுக்கில் கிராம்பு வைப்பார்கள். மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் பல்லோரத்தில் அதக்குவார்கள். அது ஆஸ்பிரின் என்றால் அந்த இடத்து ஈறையே வேகவைத்துவிடும். சிலர் புகையிலையைத் திணிப்பார்கள். சில நாளில் வலி சட்டென்று நின்றுவிடும். ‘சரியாப் போச்சு’ என்று நிம்மதி அடைகிற இடம் இது. உண்மையில் நரம்பு செத்துவிட்டது. கிருமி வேர் நுனிக்கு இறங்கி அங்கே சீழ் கட்டுகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்துக் கன்னம் வீங்கும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்து. மருத்துவமனை பக்கத்தில் இல்லாத ஊரில் ஒரு சொத்தைப்பல்லை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பக்கத்தில் இல்லை என்பதற்கு மலையில் என்ன பொருள் என்று தமிழ்நாடு 2023 மே மாதத்தில் பார்த்தது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் அத்திமரத்துக் கொல்லை என்ற குக்கிராமம். பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை, சரியான சாலை இல்லாததால், உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, உடலைத் தாய் கையில் சுமந்தபடி மலைப்பாதையில் நடக்க வேண்டியிருந்தது. பாம்புக்கடிக்கே இந்த நிலை என்றால், பல்வலிக்கு ஒருநாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, போளூருக்கோ வேலூருக்கோ யார் போவார்கள்? அதுவும் ஒரே தடவையில் முடியாது. வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். கடைசியில் பல்லைப் பிடுங்கிவிடுவதே மலிவான வழியாகிப்போகிறது.

நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 300-க்கும் மேல் இருக்கின்றன. படித்து வெளியே வருகிறவர்கள் நகரங்களில்தான் பலகை மாட்டுகிறார்கள். பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-ல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருந்தது. இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு. உலக அளவில் நிரந்தரப் பற்களில் சொத்தையோடு வாழ்கிறவர்கள் 200 கோடிப் பேர், பால்பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் 51 கோடிக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை. இவ்வளவு பேருக்கும் நாற்காலி போட்டு, டிரில் வைத்து அடைத்து முடியாது. வராமல் தடுப்பதுதான் வழி.

நாற்காலி இல்லாமல் ஒரு சிகிச்சை

வந்துவிட்ட சொத்தைக்கும் மலைக்கு ஏற்ற வைத்தியம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1980-களில் தான்சானியாவின் கிராமங்களில், மின்சாரமே இல்லாத இடத்தில், சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் சிமென்ட்டை அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். இப்போது அதற்குப் பயன்படும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட், ஃபுளோரைடைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். ஊசி அநேகமாகத் தேவைப்படாது. டிரில் சத்தம் கேட்டு அலறும் பிள்ளையும் பயப்படாது.

அதைவிட எளியது சில்வர் டயமைன் ஃபுளோரைடு. நிறமற்ற ஒரு திரவம். சொத்தையைத் துடைத்துக் காயவைத்து, சிறு தூரிகையால் ஒரு துளி தடவி ஒரு நிமிடம் விட்டால் போதும். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். சொத்தை அந்த இடத்திலேயே நின்றுபோக நல்ல வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை தடவினால் பலன் கூடும். குறை ஒன்று உண்டு. சொத்தை இருந்த இடம் கரிபோலக் கறுத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சொத்தை கூழ்வரை போன பல்லுக்கு இது உதவாது. இந்தத் திரவம், அந்த சிமென்ட், ஃபுளோரைடு பேஸ்ட் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு கைப்பையில் அடங்கும் சாமான்கள். அதே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அந்தத் திட்டத்தின் பாதையில் இந்தக் கைப்பையும் போகலாம்.

உள்ளூர்ப் பெண்களால் இது முடியுமா என்ற சந்தேகம் வரலாம். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-ல் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கிய பழங்குடி மருத்துவமனை, அதே மலையாளிச் சமூகத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்துத்தான் வளர்ந்தது. பிரசவத்தையும் குழந்தை நலனையும் கற்றுக்கொண்ட கைகளுக்குக் குழந்தையின் உதட்டைத் தூக்கி வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுக்கலாம்.

ஃபுளோரைடு என்றதும் இந்த வட்டாரத்தில் ஓர் அச்சம் எழும். அது நியாயமானதும்கூட. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்கள் காவி படிந்ததும் எலும்பு வளைந்ததும் ஊரறிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நாள்தோறும் குடிக்கும் தண்ணீரில் அளவு மீறுவது வேறு, பேஸ்ட்டில் தேய்த்துத் துப்புவது வேறு. 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுத்தால் பயம் வேண்டாம். துப்பியபின் வாயை நாலைந்து தடவை அலசிவிடவும் கூடாது. பல்லில் தங்கும் மிச்சம்தான் வேலை செய்கிறது. மூலிகைப் பேஸ்ட் என்று விற்பவற்றில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. உறையில் 1000 பி.பி.எம். அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வேப்பங்குச்சி அழுக்கைத் தேய்த்து எடுக்கும், ஈறுக்கும் நல்லது. ஃபுளோரைடு செய்கிற வேலையை அதனால் செய்ய முடியாது.

6 வயதுப் பல்

பெற்றோர் அதிகம் ஏமாந்துபோவது ஒரு பல்லில். 6 வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் இதுவும் பால்பல்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். ஆயுசுக்கும் மெல்லப்போகிற பல். ஆழமான பள்ளங்களோடு வருவதால் சொத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான். முளைத்த உடனே பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துவிட்டால் பல ஆண்டுகள் காப்பாற்றும். தமிழ்நாடு அரசு 2023-ல் ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்குப் பல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது நல்ல செய்தி. மலைப் பள்ளிகளில் அந்தப் பரிசோதனை ஒன்றாம் வகுப்பிலேயே நடக்க வேண்டும். பெரிய வகுப்புக்கு வந்தபின் பார்த்தால் அந்தப் பல் ஏற்கெனவே குழியாகியிருக்கும்.

பள்ளியிலேயே பல்லைக் காக்க முடியும் என்று ஸ்காட்லாந்து செய்து காட்டியது. மழலையர் பள்ளியில் தினமும் ஆசிரியர் கண்காணிப்பில் பல் துலக்குவதை அங்கே வழக்கமாக்கினார்கள். தொடக்கப்பள்ளியில் சேரும் பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003-ல் 45 விழுக்காடு, 2020-ல் 74. பிலிப்பைன்ஸின் அரசுப் பள்ளிகளில் கை கழுவுவதோடு பல் துலக்குவதையும் சேர்த்தார்கள். அது பணக்கார நாடு இல்லை.

ஜவ்வாது மலையில் இதற்கான இடமும் நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்றாகக் கை கழுவ எழுகிறார்கள். அங்கேயே பல் துலக்க ஐந்து நிமிடம் போதும். இன்னும் வசதியானவை மலையிலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். விடுதியில் தங்கும் பிள்ளையின் இரவுத் துலக்கலையும் விடுதிக் காப்பாளரால் பார்த்துக்கொள்ள முடியும். நகரத்து அப்பா அம்மாவுக்கே பிடிபடாத வாய்ப்பு அது. செலவையும் கணக்குப் போட்டுவிடலாம். பட்டாணி அளவு என்பது ஏறத்தாழ கால் கிராம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 180 கிராம் பேஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு பிரஷ். நூறு பிள்ளைகள் இருக்கும் விடுதிக்கு 18 கிலோ பேஸ்ட், 400 பிரஷ். வருஷத்துக்கு இரண்டு மூட்டையாக பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிடலாம்.